‘இனிச் செய்ய ஒன்றுமில்லை’ என்று ஐ.சி.யூ.வில் சொன்னால்: வன்னிக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சிகிச்சையை இன்னும் தொடர்வதா, போதும் என்று நிறுத்துவதா என்ற கேள்வி வந்ததும் நல்ல வைத்தியரும் நல்ல குடும்பமும் எதிரெதிரே நின்றுவிடுவதுண்டு. வைத்தியர் மனதில் ‘இந்த மனுசனை இன்னும் எத்தனை நாள் குத்திக்கொண்டிருப்பது’ என்று ஓடும். வாசல் வாங்கில் இருக்கும் மகன் மனதில் ‘அப்பாவைக் கைவிடப் பார்க்கிறார்கள்’ என்று ஓடும். இரண்டு பேரும் அந்த நோயாளியின் பக்கம்தான் நிற்கிறார்கள். ஆனாலும் சண்டை வரும், சத்தம் வரும், சிலவேளை பொலிசும் வரும்.

துணுக்காயிலிருந்தும் ஒட்டுசுட்டானிலிருந்தும் நெடுங்கேணியிலிருந்தும் கிளிநொச்சி, வவுனியா வைத்தியசாலைகளுக்கு வந்து தங்கும் குடும்பங்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வாட்டில் புதிதாக வேலைக்கு வந்த தம்பி தங்கைகளும் வாசிக்கலாம். என் நிலைப்பாட்டை முதலே சொல்லிவிடுகிறேன்: ‘மெஷினை நிப்பாட்டவோ?’ என்று ஒரு மகளிடம் கேட்கக்கூடாது. அந்த முடிவின் பாரத்தை வைத்தியர் குழு சுமக்க வேண்டும். குடும்பம் சொல்ல வேண்டியது, படுத்திருப்பவர் எப்படிப்பட்டவர், எதை விரும்பியிருப்பார் என்பதை. கீழே வரும் படிகள் எல்லாம் இதை நடைமுறையில் கொண்டுவரத்தான்.

படி 1: எது பயனில்லை என்று கேளுங்கள்

‘பயனில்லை’ என்று ஒரு வைத்தியர் சொன்னால் அது மூன்றில் ஒன்றாக இருக்கலாம். முதலாவது, அந்தச் சிகிச்சை உடலில் வேலையே செய்யாது. இரத்த அழுத்தத்தைத் தூக்கும் மருந்தை உச்ச அளவில் கொடுத்தும் இதயம் நின்றுவிட்டது என்றால், நெஞ்சை அமுக்குவதால் அது மீண்டும் ஓடி நிலைக்கப் போவதில்லை. இரண்டாவது, சிகிச்சை வேலை செய்யும், மூச்சு ஓடும், ஆனால் நோயாளி ஐ.சி.யூ.வை விட்டு உயிரோடு வெளியே வரமாட்டார், அல்லது கண் திறந்து ஆளை அடையாளம் காணும் நிலைக்குத் திரும்பமாட்டார். மூன்றாவது, மூளைச் சாவு. அது தனிக் கதை, பிறகு வருகிறேன்.

2015இல் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் சேர்ந்த ஐந்து தீவிர சிகிச்சைச் சங்கங்கள் கூட்டாக ஓர் அறிக்கை வெளியிட்டன. முதலாவது வகைக்கு மட்டும்தான் ‘பயனற்றது’ என்ற சொல்லைப் பாவிக்கலாம் என்று அது வரையறுத்தது. இரண்டாவது வகையை ‘பொருத்தமற்றதாக இருக்கக்கூடிய சிகிச்சை’ என்று பிரித்து வைத்தது. இந்தப் பிரிவு வீண் நுணுக்கம் என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதலாவது வகை வைத்திய அறிவு சார்ந்தது. அதில் குடும்பத்திடம் விளக்கம் சொல்லலாம், வாக்கெடுப்பு நடத்தத் தேவையில்லை. இரண்டாவதில் எப்படிப்பட்ட வாழ்க்கை அந்த மனிதருக்கு வாழ்க்கை என்ற கேள்வி உள்ளே இருக்கிறது. அதை வெள்ளைக் கோட்டு மட்டும் தீர்மானிக்க முடியாது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இது: “டொக்டர், எந்தச் சிகிச்சை பயனில்லை எண்டு சொல்றீங்கள்? எதுக்குப் பயனில்லை?” டயலிசிஸ் மட்டும் வேண்டாம் என்கிறார்களா, எல்லாமே போதும் என்கிறார்களா என்பது பல வீடுகளில் கடைசிவரை விளங்காமலே போகிறது.

படி 2: திரும்பி வரக்கூடிய நோயா என்று உறுதிப்படுத்துங்கள்

வன்னியில் இதை விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும்.

எட்டடி விரியன் இரவில், நிலத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியே இராது, பலருக்குக் கடித்ததே தெரியாது. விடியப்புறம் வயிற்றுவலி, பிறகு இமை தொங்கும், விழுங்க ஏலாது, மூச்சுத் தசை சோரும். மூச்சுக் கொடுக்கும் மெஷினான வென்டிலேட்டரில் போட்ட பிறகு அவரைப் பார்த்தால் கை கால் அசையாது, கண்ணில் டோர்ச் அடித்தால் கண்மணி சுருங்காது. பார்க்கிறவர் மூளை செத்துவிட்டது என்றே நினைப்பார். அந்த ஆள் உள்ளே முழுக்க விழிப்பாக இருக்கக்கூடும். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நீங்கள் செத்தவீட்டுச் செலவைக் கதைத்தால் அதுவும் அவருக்குக் கேட்கும். நாட்கள் போக விரல் அசையும், பிறகு இமை தூக்கும், நடந்தே வீட்டுக்குப் போவார்.

பூச்சிமருந்து குடித்தவர்களிலும் இப்படி ஒரு கட்டம் உண்டு. ஓர்கனோபொஸ்பேட் வகை மருந்து குடித்தவர் முதல் நாள் ஆபத்தைத் தாண்டித் தெளிவாகக் கதைத்துக்கொண்டிருப்பார். ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் திடீரென மூச்சுத் தசைகள் சோர்ந்துபோகும். தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொன்னால் தூக்கமாட்டார். தாதிமார் கவனிக்கும் முதல் அடையாளம் அதுதான். இந்த நிலையை 1987இல் உலகத்துக்கு விவரித்தவர்கள் இலங்கை வைத்தியர்கள். ஒன்று முதல் மூன்று கிழமை வரை மெஷின் தாங்கிக்கொண்டால் பெரும்பாலும் மீண்டுவிடுவார்கள். இவர்களுக்கு வென்டிலேட்டரை நிறுத்துவது பற்றிக் கதைப்பதே பிழை. தற்கொலைக்கு முயன்றவர்தானே என்று ஒருவரின் கட்டிலை மலிவாக எண்ணுவது அதைவிடப் பெரிய பிழை.

மறுபக்கமும் இருக்கிறது. பரகுவாட் என்ற களைநாசினியைக் குடித்தவரின் நுரையீரல் இறுகிக்கொண்டே போகும். கூடுதல் ஒட்சிசன் கொடுப்பது அந்தச் சேதத்தைக் கூட்டும். அதிகளவு குடித்திருந்தால் எந்த மெஷினும் தடுக்காது. அந்த நஞ்சை இலங்கை 2008இலிருந்து 2011க்குள் படிப்படியாகத் தடைசெய்தது எத்தனையோ வீடுகளைக் காப்பாற்றிய முடிவு.

வென்டிலேட்டர் எந்த நோயையும் மாற்றாது. குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுப்பது மாதிரி அது. வேர் நன்றாக இருந்தால் குலை முற்றும்வரை தாங்கும், வேர் அழுகியிருந்தால் முட்டு மட்டும்தான் நிற்கும். ஆகவே இரண்டாவது கேள்வி: “இது தானாகத் திரும்பக்கூடிய நோயோ? இல்லையெண்டால் அது எப்படித் தெரியும்?” நித்திரை மருந்து நின்று எத்தனை மணித்தியாலம் ஆயிற்று என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். மயக்க மருந்து உடலில் இருக்கும்போது ‘உணர்வில்லை’ என்பதற்கு அர்த்தமில்லை.

படி 3: எல்லாரும் ஒரே பேச்சை ஒரே நேரத்தில் கேளுங்கள்

காலையில் ஒரு வைத்தியர் மகனிடம் ‘கொஞ்சம் பரவாயில்லை’ என்பார். அவர் சொன்னது சிறுநீர் அளவைப் பற்றி. மாலையில் இன்னொருவர் மருமகளிடம் ‘நிலைமை மோசம்’ என்பார். அவர் சொன்னது முழு ஆளைப் பற்றி. இரவு வீட்டில் இரண்டும் மோதும். ‘யாரோ பொய் சொல்கிறார்கள்’ என்ற எண்ணம் அங்கேதான் முளைக்கிறது.

குடும்பத்தில் ஒருவரை முன்னுக்கு நிற்கத் தெரிவுசெய்யுங்கள். கூடக் கத்துகிறவரைத் தெரிவுசெய்ய வேண்டாம். நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தவர், அவர் மருந்துக் கொப்பி எங்கே கிடக்கிறது என்று தெரிந்தவர்தான் பொருத்தமானவர். அவரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் வாட்டில் கொடுத்து, பெரிய டொக்டரோடு இருந்து கதைக்க ஒரு நேரம் கேளுங்கள். வாசலில் நின்றபடி வேண்டாம். அறையில், கதிரையில் இருந்து, அரை மணித்தியாலமாவது.

மொழி. தமிழ் தெரியாத வைத்தியர் என்றால் தமிழ் தெரிந்த வைத்தியரோ தாதியோ பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. பள்ளிக்கூடத்தில் சிங்களமோ ஆங்கிலமோ படித்த பிள்ளையை நடுவில் நிற்பாட்டாதீர்கள். தாத்தா சாகப்போகிறார் என்ற வசனத்தை ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையின் வாயால் மொழிபெயர்க்க வைப்பது கொடுமை. நல்ல சேதியாக மாற்றிச் சொல்லவும் அந்தப் பிள்ளைக்கு மனம் வரும்.

பிறகு, வெளிநாடு. வன்னியில் ஐ.சி.யூ. முடிவுகள் பாதி வட்சப்பில்தான் நடக்கின்றன. கனடாவிலிருக்கும் அண்ணை, சுவிஸிலிருக்கும் தங்கச்சி, லண்டனிலிருக்கும் மச்சான். பக்கத்தில் இருந்து பார்க்க முடியாத குற்றவுணர்வு அவர்களை அரிக்கும்; அது காசாகவும் கட்டளையாகவும் வெளியே வரும். ‘கொழும்புக்கு ஏத்துங்கோ, எவ்வளவு எண்டாலும் நான் அனுப்புறன்.’ அவர்களைக் குறை சொல்லி வேலையில்லை. கூட்டத்தில் போனை மேசையில் வைத்து, வைத்தியர் சொல்வதை அவர்களும் நேரடியாகக் கேட்கட்டும். நீங்கள் கேட்டுவந்து திருப்பிச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

‘இங்க எண்டால் கடைசிவரைக்கும் பார்ப்பாங்கள்’ என்று அவர்கள் சொல்வது பாதிதான் சரி. கனடாவின் ஒன்ராறியோவில் குடும்பத்தின் சம்மதமில்லாமல் வைத்தியர்கள் உயிர்தாங்கும் சிகிச்சையை நிறுத்த முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்த்தது. அங்கே பிணக்கைத் தீர்க்கத் தனி விசாரணைச் சபையே உண்டு. இங்கிலாந்தில் இணக்கம் இல்லையென்றால் நீதிபதி நோயாளியின் நலனைப் பார்த்து முடிவெடுப்பார். 2017இல் ஒரு கைக்குழந்தையின் பெற்றோர் அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப் பணம் திரட்டியும் நீதிமன்றங்கள் இணங்கவில்லை. அமெரிக்காவின் டெக்சாசில் 1999ஆம் ஆண்டுச் சட்டம், குழு கூடி முடிவெடுத்தால் வேறு வைத்தியசாலை தேட 10 நாள் கொடுத்தது. 2023இல் அதை 25 நாளாக்கினார்கள். எந்த நாட்டிலும் இது இலகுவாகத் தீரவில்லை என்பதற்காகத்தான் இவற்றைச் சொல்கிறேன். இந்தியாவில் உயிர்தாங்கும் சிகிச்சையை மறுக்கும் முன்கூட்டிய எழுத்துக்கு உச்ச நீதிமன்றம் 2018இல் வழிவிட்டது; யூரியூப்பில் அதைப் பார்த்துவிட்டு இங்கே வந்து கேட்கிறார்கள். அந்தத் தீர்ப்பு இலங்கையில் செல்லாது.

படி 4: படுத்திருப்பவரைப் பற்றிக் கதையுங்கள்

ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எழுபத்தைந்து வயது ஐயா, நீண்ட நாள் சிறுநீரக நோய், இப்போது இரத்தத்தில் கிருமி. பிரஷர் மருந்து கூடக்கூட விரல் நுனிகள் கறுத்துவிட்டன. மூத்த மகள் ஒவ்வொரு முறையும் அந்த விரலைத்தான் பிடித்துத் தேய்க்கிறார், சூடு வரட்டும் என்று. ‘நிப்பாட்டவோ, தொடரவோ?’ என்று அவரிடம் கேட்டால் என்ன பதில் வரும்? தொடருங்கோ என்றுதான் வரும். வேறு பதில் சொல்லிவிட்டு அவர் எப்படி வாழ்வது?

வன்னியில் இந்தக் கேள்விக்குப் பின்னால் 2009 நிற்கிறது. புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் தற்காலிக வைத்தியசாலைகளில் மருந்தில்லாமல் நிலத்தில் கிடந்தவர்களைப் பார்த்தவர்கள் இந்த வாங்கில் இருக்கிறார்கள். காயப்பட்டவரைத் தூக்க ஏலாமல் விட்டுவிட்டு நடந்தவர்கள் இருக்கிறார்கள். இராணுவத்திடம் கையளித்த பிள்ளை எங்கே என்று கேட்டு 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கிய போராட்டத்தில் இருந்த தாய்மார் இருக்கிறார்கள். அவர்களிடம் ‘போதும் விடுங்கோ’ என்றால், இன்னொரு தரம் கைவிடச் சொல்வதாகத்தான் கேட்கும். இவர்கள் படிக்காத சனம், விளங்காது என்று நினைக்கும் இளம் வைத்தியர் இதை அறிந்துகொள்ள வேண்டும். அவர்களுக்கு நன்றாக விளங்கும். விட்டுவிடத்தான் முடியாமல் இருக்கிறது.

ஆகவே கேள்வியை மாற்ற வேண்டும். வைத்தியர் இப்படித் தொடங்கலாம்: “பிள்ளை, ஐயா எப்படிப்பட்ட ஆள், சொல்லுங்கோ. போன முறை டயலிசிஸுக்கு வரேக்க என்ன சொன்னவர்?” மகள் சொல்லத் தொடங்குவார். வயலுக்குப் போகாமல் ஒரு நாளும் இருந்ததில்லை. ‘என்னைக் குழாயோட கிடக்க விடாதேங்கோ’ என்று அயல்வீட்டு அண்ணரைப் பார்த்துவிட்டு வந்து சொன்னது நினைவுக்கு வரும். அல்லது, ‘பேத்தியின்ர கலியாணம் வரைக்கும் எப்படியாவது இழுத்துப்பிடி’ என்று சொன்னதும் வரலாம். இரண்டுக்கும் வழி வேறு.

அதன் பிறகு வைத்தியர் தன் பரிந்துரையைத் தானே சொல்ல வேண்டும்: “நீங்கள் சொன்னதை வைச்சுப் பார்த்தால், இனி நெஞ்சை அமுக்கிறதும் புது மெஷின் போடுறதும் ஐயாவுக்குச் செய்யக்கூடாது எண்டு நாங்கள் முடிவெடுக்கிறம். நோவில்லாமல் வைச்சிருப்பம். இதில உங்களுக்கு மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கோ.” இந்தப் பேச்சில் மகள் கையெழுத்துப் போட்டு அப்பாவை அனுப்பவில்லை. மறுக்கும் இடமும் அவருக்கு இருக்கிறது.

சமய நம்பிக்கையையும் இங்கேயே கதைத்துவிடுங்கள். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் ‘மெஷினை எடுத்தால் பாவமோ?’ என்று கேட்பார்கள். மிகைப்பட்ட சிகிச்சையைத் தொடரும் கடமை இல்லை என்று பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1957இலேயே மயக்கமருந்து வைத்தியர்களுக்குச் சொன்னார். பங்குத் தந்தையைக் கூப்பிட்டால் விளக்குவார். மூளைச் சாவை மரணமாக ஏற்கலாம் என்று சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் (சமயச் சட்ட) சபை 1986இல் அம்மானில் முடிவெடுத்தது. சைவ வீடுகளில் இப்படி ஒரு தலைமைப் பீடம் இல்லை. வீட்டுப் பெரியவர் சொல்வதுதான் எடுபடும். அவரையும் கூட்டத்துக்குக் கூட்டிவாருங்கள்.

படி 5: நாள் குறித்து முயன்று பாருங்கள்

இணக்கம் வராதபோது எனக்குத் தெரிந்த நல்ல வழி இதுதான். ‘இன்னும் மூன்று நாள் எல்லாம் செய்வோம், இன்ன இன்ன மாற்றம் வந்தால் தொடர்வோம், வராவிட்டால் நோவில்லாமல் வைத்திருக்கும் சிகிச்சைக்கு மாறுவோம்’ என்று இரு தரப்பும் முதலே பேசி வைப்பது. எத்தனை நாள் என்பது நோயைப் பொறுத்தது. மூளை அடிபட்ட இளைஞருக்கு மூன்று நாள் போதாது. பரவிய புற்றுநோயோடு பல உறுப்புகள் நின்றவருக்கு அதுவே நீளம்.

எதைப் பார்ப்பது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்: பிரஷர் மருந்தின் அளவு குறைகிறதா, ஒட்சிசன் தேவை குறைகிறதா, சிறுநீர் போகிறதா, நித்திரை மருந்தை நிறுத்தினால் கண் திறக்கிறாரா. நான்கு போதும். கட்டிலடித் திரையில் ஓடும் இலக்கங்களைப் பார்த்து நீங்களாக முடிவுக்கு வராதீர்கள். மெஷினும் மருந்தும் சேர்ந்து எழுதும் இலக்கங்கள் அவை.

குறித்த நாள் வந்ததும் வைத்தியர் கட்டாயம் கூட்டத்தைக் கூட்ட வேண்டும். சத்தமில்லாமல் நாளைக் கடத்தினால் அடுத்த முறை யாரும் நம்பமாட்டார்கள்.

படி 6: அப்படியும் ஒத்துவரவில்லையென்றால்

இன்னொரு வைத்திய நிபுணரின் கருத்தைக் கேளுங்கள். கேட்பதால் எந்த நல்ல வைத்தியரும் கோபிக்கமாட்டார். பிறகு பணிப்பாளர். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு மாற்ற வேண்டுமென்றால் அங்கே ஐ.சி.யூ.வில் கட்டில் இருந்து, அங்குள்ள நிபுணர் ஏற்க வேண்டும். வென்டிலேட்டரோடு ஏ9 வீதியில் ஒருவரைக் கொண்டுபோவது அவருக்கே பாரமான பயணம். அழுத்தம் ஏற்கெனவே மருந்தில் நிற்பவர் வழியில் இறந்துபோகலாம். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இங்கே இல்லாத எந்தச் சிகிச்சை கிடைக்கும் என்று கேளுங்கள். தெளிவான பதில் இருந்தால் போங்கள். காணி ஈடு வைத்துத் தனியார் வைத்தியசாலைக்குப் போகும் முன்னும் இதே கேள்வியைக் கேளுங்கள்.

அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசு வாங்குவதில்லை. ஆகவே இங்கே சண்டை பில்லைப் பற்றி வராது, கட்டிலைப் பற்றி வரும். கட்டில் குறைவு என்பது உண்மை, மறைக்கத் தேவையில்லை. ஆனால் ‘இன்னொருவருக்குக் கட்டில் வேணும்’ என்பதை இந்த நோயாளியின் சிகிச்சையை நிறுத்தும் காரணமாகக் கட்டிலடியில் சொல்லக்கூடாது. அந்த முடிவு எல்லாருக்கும் பொதுவான விதிப்படி, வைத்தியசாலை மட்டத்தில் எடுக்கப்பட வேண்டியது.

வைத்தியர் செய்யக்கூடாத இன்னொன்று: குடும்பத்துக்குக் காட்டுவதற்காக மனமில்லாமல் நெஞ்சை மெதுவாக அமுக்குவது. அது நோயாளிக்கும் உதவாது, குடும்பத்துக்கும் பொய். குடும்பம் செய்யக்கூடாதது: தாதியை மிரட்டுவது, நோயாளியைப் படமெடுத்து முகநூலில் போடுவது.

படி 7: நிறுத்துவது என்று முடிவானால்

ஊசி போட்டுக் கொல்வது இலங்கையில் குற்றம். அதை யாரும் செய்யவும் கூடாது, கேட்கவும் கூடாது. உடலை இனித் தாங்காத சிகிச்சையை விலக்கி, நோயை அதன் போக்கில் விடுவது வேறு. மோர்பின் மூச்சுத்திணறலையும் நோவையும் குறைக்கத்தான்.

குழாயை எடுத்த பிறகு தொண்டையில் கரகரவென்று சத்தம் வரலாம், மூச்சு இழுத்து இழுத்து வரலாம். பார்க்கிறவருக்குத்தான் அது பயங்கரம்; அவர் பெரும்பாலும் உணரமாட்டார். நிமிடங்களில் முடியலாம், ஒரு நாளும் எடுக்கலாம். இதை முதலே சொல்லாவிட்டால் அந்தச் சத்தம் பிள்ளைகளின் காதில் வருடக்கணக்கில் இருக்கும். திருநீறு பூச, தேவாரம் படிக்க, அவஸ்தைப் பூசுதலுக்கு, கலிமா சொல்லிக்கொடுக்க நேரம் கேளுங்கள். வாட்டு விதி இரண்டு பேர்தான் என்றாலும் அன்றைக்குத் தளர்த்தலாம், தாதிமார் செய்துதருவார்கள். பால் பருக்கப் போகிறீர்கள் என்றால் சொல்லுங்கள், ஒரு துளி உதட்டில் வைக்கவிடுவார்கள்.

வீட்டில்தான் சாக வேண்டும் என்று பலர் விரும்புவார்கள். சொந்தப் பொறுப்பில் கையெழுத்துப் போட்டு அவசரமாகத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, திட்டமிட்டுக் கொண்டுபோகலாமா என்று கேளுங்கள். நோ மருந்து, போகும் வாகனம், வழியில் மூச்சு நின்றால் என்ன செய்வது என்பது எல்லாம் பேசி வைக்க வேண்டும்.

மூளைச் சாவுக்கு வருகிறேன். இலங்கையின் 1987ஆம் ஆண்டு 48ஆம் இலக்க இழைய மாற்றுச் சட்டம் மூளையின் தொழிற்பாடு முழுதும் மீளாமல் நிற்பதை மரணமாக ஏற்கிறது. உடல் சூடாக இருக்கும், நெஞ்சு ஏறி இறங்கும், ஆனால் ஆள் இல்லை. இதை உறுதிசெய்ய ஒருவருக்கு மேற்பட்ட வைத்தியர்கள் கண்மணி, இருமல், காதில் குளிர்நீர், மெஷின் இல்லாமல் மூச்சு வருகிறதா என்ற சோதனைகளைச் செய்வார்கள். உடல் குளிர்ந்திருந்தாலோ, மயக்க மருந்தோ பாம்பு விஷமோ உள்ளே இருந்தாலோ அந்தச் சோதனை செல்லாது. உறுப்புத் தானம் பற்றிய பேச்சு மரணம் உறுதியான பிறகுதான் வர வேண்டும். அதற்கு முன் வந்தால் குடும்பம் சந்தேகப்படுவது நியாயம்.

விபத்து, நஞ்சு, பாம்புக்கடி என்றால் திடீர் மரண விசாரணை நடக்கும். உடலைக் கையில் எடுக்கப் பிந்தலாம். செத்தவீட்டு நேரத்தை ஊருக்கு அறிவிக்கும் முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

படி 8: பிறகு

முப்பத்தொன்று முடிந்து சில வீடுகளில் ஒரு கேள்வி எழும்: ‘நாங்கள் அவசரப்பட்டிட்டமோ?’ அதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். அந்த வாட்டுக்கே திரும்பிப் போய், சிகிச்சை செய்த வைத்தியரிடம் நேரம் கேளுங்கள். நோயாளியின் ரிக்கெட் (சிகிச்சைக் குறிப்பேடு) வைத்தியசாலையில் இருக்கும். எந்த நாள் என்ன நடந்தது என்று பார்த்துச் சொல்லலாம். வைத்தியர் மாற்றலாகிப் போயிருந்தால் வாட்டுத் தாதியிடம் கேளுங்கள், அவருக்கு முகம் நினைவிருக்கும். நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை என்று நாட்கள் நீண்டால் மாவட்ட வைத்தியசாலையின் மனநல கிளினிக்குக்குப் போகலாம். போகும்போது, அந்தக் கூட்டத்தில் வைத்தியரோடு கதைத்தவர் யாரோ, அவரைத்தான் முதலில் கூட்டிக்கொண்டு போங்கள்.